நான்கெல்லையும் ஆழமும்: வன்னி நிலமும் கனிப்பொருள் உரிமைப்பங்கும்

வடபகுதியின் பழைய காணியுறுதி எதனைப் புரட்டினும் அதன் அட்டவணைப் பகுதி ஒரே ஒழுங்கிற் செல்வதைக் காணலாம். முதலிற் காணியின் பெயரும் பரப்பும் வரும். அடுத்துக் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கெல்லை வரும். இறுதியில், அவ்வெல்லைகளுக்குட்பட்ட நிலமும் பயன்தரு மரங்களும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் விற்கப்பட்டன என்று முடியும். அயலவனின் வேலி எங்கே நிற்கின்றது என்பதில் இத்தனை கண்ணாயிருக்கும் உறுதி, நிலத்தின் ஆழத்தைப்பற்றி ஒரு சொல்லேனும் கூறுவதில்லை. விற்றவனும் வாங்கியவனும் மண்ணின் மேற்பரப்பையே கருத்திற் கொண்டிருந்தனர். கீழே மணலோ களியோ கல்லோ கனிப்பொருளோ கிடந்து, பின்னொருநாள் அதனை ஒருவர் தோண்டியெடுத்து விற்பாராயின், அதன் பங்கு விற்றவனுக்கா, வாங்கியவனுக்கா, அன்றி அரசுக்கா என்பது உறுதியின் மௌனத்துள் அடங்கிக் கிடக்கும் வினாவாகும்.

தோண்டியெடுக்கப்படும் கனிப்பொருளின் அளவுக்கோ பெறுமதிக்கோ ஏற்ப அதன் உரிமையாளருக்குச் செலுத்தப்படும் தொகையே உரிமைப்பங்கு எனப்படுவது. வழக்கில் 'றோயல்ற்றி' என்பர். அரசனுக்குரியது என்ற பொருள் அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. ஆயினும் அது எப்போதும் அரசனுக்கே சென்றது என்று கொள்வது தவறாகும். இங்கிலாந்தில் பொன், வெள்ளிச் சுரங்கங்கள் முடிக்குரியனவாயிருக்க, நிலக்கரியின் உரிமைப்பங்கு நிலக்கிழாருக்கே சென்றது. 1938 ஆம் ஆண்டின் நிலக்கரிச் சட்டமே அவ்வுரிமையை அரசுக்கு மாற்றிற்று. அப்போதும் உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலோ ஒருவர் நிலத்தை விற்றபின்னும் அடிநில உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள முடியும். மேலே ஒருவர் பயிர் செய்ய, கீழே கிடைக்கும் எண்ணெய்க்கு வேறொருவர் பங்கு பெறுவது அங்கு இயல்பான நிகழ்ச்சியாகும்.

தமிழர் நிலவழக்கும் அடிநிலத்தை அறியாததன்று. சோழர்காலக் கல்வெட்டுகள் நிலத்தை அளிக்கும்போது மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சேர்த்தே அளித்தன. விசயநகர காலத்திலும் அதற்குப் பின்னரும் எழுந்த சாசனங்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் முதலாக எட்டு வகைப் போகங்களையும் பெயர்சொல்லிக் கைமாற்றின. நிதியும் நிட்சேபமும் புதையல், வைப்பு என்பன, பாடாணம் கல். ஆகவே நிலத்தோடு அதன் கல்லும் போகும் என்று வெளிப்படையாக எழுதிவைத்த ஒரு மரபு இருந்தது. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்ட தேசவழமையில் இவ்வாறு எண்வகைப் போகம் பேசப்படவில்லை. எனினும் நிலம் ஒருவருடையதாகவும் அதன் பயன் மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்னும் கருத்து அதில் நன்கு வேரூன்றியுள்ளது. ஒற்றிக்குக் காணியைப் பெற்றவன் வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிப்பான். பிறன் நிலத்தில் ஒருவன் தென்னை நட்டால், கன்று கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து நிலக்காரனுக்கும் நட்டவனுக்குமிடையே காய் பங்கிடப்படும். காய் ஆண்டுதோறும் காய்க்கும். கல்லோ ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. இவ்வேறுபாட்டைத் தேசவழமை எதிர்நோக்க வேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை என்றே கொள்ளவேண்டும்.

தேசவழமை பேசாத இடங்களில் இலங்கையிற் செல்லுபடியானது உரோம-ஒல்லாந்தச் சட்டமாகும். அதன் பொதுவிதிப்படி மண்ணுக்குரியவன் மண்ணின் கீழுள்ளதற்கும் உரியவன். இவ்விதி மாத்திரம் நின்றிருந்தால் நமது வினாவுக்கு விடை எளிது: நிலம் விற்கப்பட்டதும் அடிநிலமும் வாங்கியவனைச் சேரும்; உரிமைப்பங்கும் அவனையே தொடரும். ஆனால் வன்னியில் அவ்விதி செயற்படுவதற்கு முதலில் மண்ணுக்குரியவன் என்றொருவன் இருந்தாக வேண்டும். அங்கேதான் வன்னியின் வரலாறு குறுக்கிடுகின்றது.

வன்னிமைகள் பெருந்தொகையான காட்டையும் குளங்களையும் கொண்ட ஆட்சிப்பிரிவுகளாக இருந்தன. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாக அளித்தது யானைகளையே. ஒரு வகையில் நோக்கின் காட்டின் செல்வத்துக்கு அவர்கள் செலுத்திய உரிமைப்பங்கு அதுவாகும். குளத்தின் கீழ் வயல் செய்தோரின் உரிமை பெரும்பாலும் வழக்கிலும் ஊரார் அறிவிலும் நின்றதேயன்றி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோம்புகளைப் போன்ற விரிந்த எழுத்தாதாரத்தில் நிற்கவில்லை. 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டின் இறுதியிற் கற்சிலைமடுவிற் பிரித்தானியப் படையால் முறியடிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அத்தோல்வியோடு வன்னியில் நிலத்தின்மீது உரிமை கொண்டாடத்தக்க உள்ளூர் அதிகாரம் ஒன்றும் எஞ்சவில்லை என்பது நம் பொருளுக்கு முக்கியமானது.

அந்த வெற்றிடத்திலேதான் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்து விழுந்தது. காடும் தரிசும் குடியில்லா நிலமும் பயிரிடப்படா நிலமும், மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்று அது அனுமானித்தது. சேனை நிலங்களைப் போல ஆண்டுகள் சில இடைவிட்டுப் பயிரிடப்படுபவையும் இவ்வனுமானத்துள் அடங்கின. நிறுவும் பொறுப்பு உழவன்மீது சுமத்தப்பட்டது. எழுத்தில்லாதவன் எதைக்கொண்டு நிறுவுவான்? கண்டிப் பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்காகப் பயன்பட்டது இச்சட்டம் என்றே பொதுவாக எழுதப்படுகின்றது. அது உண்மையே. ஆனால் தோட்டம் ஒன்றும் எழாத வன்னியில் அதன் விளைவு வேறு விதமாய் அமைந்தது. நிலம் வெள்ளைத் துரைக்கு விற்கப்படவில்லை; விற்கப்படாமலே முடியின் கையில் தங்கிற்று.

இதே காலத்தில் தென்மேற்கிலங்கையில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கே காரீயம் கிடைத்த நிலங்களிற் பல உள்ளூரவரின் தனியுடைமையாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காரீயத்தின் ஏற்றுமதி பெருகியபோது, சுரங்கம் வைத்திருந்த குடும்பங்கள் பெருஞ்செல்வம் ஈட்டின. டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா அவ்வாறு எழுந்தவர்களுள் ஒருவர். சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா அவருடைய மைந்தர். மூன்றாவது பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலையின் குடும்பச் செல்வத்திலும் காரீயத்துக்குப் பங்குண்டு. பெரிய காரீயச் சுரங்கங்கள் 1971 இலேயே அரசுடைமையாக்கப்பட்டன. அதுவரை கறுப்பு ஈயம் ஒரு வர்க்கத்தை உருவாக்கி, அவ்வர்க்கத்தை அரசியல் தலைமைக்கும் உயர்த்திவிட்டது.

அந்தச் சேனநாயக்காவே 1931 முதல் விவசாய, காணி அமைச்சராயிருந்தார் என்பதும், அவருடைய முயற்சியாலேயே 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் நிறைவேறிற்று என்பதும் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கிளிநொச்சியில் இரணைமடுவின் கீழும், வவுனியா, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களிலும் காணி பெற்ற உழவர்கள் பெரும்பாலும் இச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே. 'பேமிற் காணி' என்பது இன்றும் வன்னியின் அன்றாடச் சொல். அனுமதிப்பத்திரம் முதிர்ந்து அளிப்பாக மாறினாலும், எழுத்திலான முன்னனுமதியின்றி அக்காணியை விற்க முடியாது. ஈடுவைத்தலுக்கும் குத்தகைக்கும் கட்டுப்பாடு உண்டு. காணியற்ற உழவன் கடனில் மூழ்கி நிலத்தை இழந்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம் என்று கூறப்பட்டது. அந்நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஒருபுறத்திற் காரீயத்தைத் தோண்டி விற்கும் முழுவுரிமையோடு காணி வைத்திருந்த குடும்பத்தின் மைந்தர், மறுபுறத்தில் மேல்மண்ணையே தடையின்றி விற்க முடியாத ஓர் உழவர் கூட்டத்தை உருவாக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி வன்னியின் கறுப்புச் செல்வத்துக்கு வருவோம். கொக்கிளாய்க் கடனீரேரியின் வாய்க்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த புல்மோட்டையில், ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாகக் கனிய மணல் படிந்துள்ளது. உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து, ஆறுகளால் அள்ளிவரப்பட்டு, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகளாற் கரையில் ஒதுக்கப்பட்ட மணல் இது. பெரும்பகுதி இல்மனைற்று, அதனோடு றூற்றைலும் சேர்க்கோனும் கலந்துள்ளன. இல்மனைற்றும் றூற்றைலும் தைத்தேனியத்தைத் தருவன. வெண்ணிறப் பூச்சுவகைகளுக்கு அது இன்றியமையாதது. கடனீரேரியின் வாய்க்கு வடக்கே முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகின்றது. அங்கே கொக்கிளாய்க் கரையிலும் இதே மணல் தொடர்ந்து செல்கின்றது. அலைக்கு மாவட்ட எல்லை தெரியாது.

இம்மணலை அகழ்வதற்கென 1957 ஆம் ஆண்டில் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. 1992 இல் அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் அரசுக் கம்பனியாக மாற்றப்பட்டது. 1997 செப்டெம்பரிற் புல்மோட்டைக் கடலில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோடியாலிற்றி' என்னும் கப்பலை விடுதலைப்புலிகள் தாக்கி மூழ்கடித்தமையால் ஏற்றுமதி தடைப்பட்டது. போர் முடிந்தபின் அகழ்வு மீண்டும் விரிவடைந்தது; கடனீரேரிக்கு வடக்கேயுள்ள கொக்கிளாய்ப் பகுதியும் அகழ்வுக்குரிய இடமாயிற்று. காரீயத்துக்கும் கறுப்பு மணலுக்குமுள்ள வேறுபாடு இங்கே புலப்படும்: காரீயம் உறுதிக் காணியிற் கிடைத்தது, கறுப்பு மணலோ 1840 இன் அனுமானத்தால் முடிக்குச் சென்றிருந்த கரையிற் கிடைத்தது. எனவே முன்னதிற் கனிப்பொருளுக்கு முதலில் உரியவராகத் தனியார் இருந்தனர். அரசு பின்னர் வந்தது. பின்னதில் அரசு தொடக்கத்திலேயே உள்ளே இருந்தது; ஊரவர் எக்காலத்திலும் உரியவராக ஏற்கப்படவேயில்லை. கரைவலை இழுத்த வாடிகளுக்கும் அதற்கு அப்பாலிருந்த வயல்களுக்கும் மணலின் பெறுமதியில் ஒரு சதமேனும் உரியதாகக் கணக்கிடப்படவில்லை.

நாடு முழுவதற்குமான விதியை வகுத்தது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டமாகும். மண்ணின்மீது யாருக்கு எவ்வுரிமை இருப்பினும், கனிப்பொருள்களின் முழுவுரிமை குடியரசுக்கே உரியது என்பது அதன் மையம். இல்மனைற்று மாத்திரமன்று, மணலும் களியும் கிரவலும் கருங்கல்லும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கும். அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அகழ்வோர் செலுத்தும் உரிமைப்பங்கு அப்பணியகத்தின் வழியாக மத்திய அரசைச் சேரும். உரோம-ஒல்லாந்தச் சட்டம் மண்ணோடு பிணைத்து வைத்ததை இச்சட்டம் ஒரே வீச்சில் அறுத்துவிட்டது.

ஆகவே இன்று முறிகண்டியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒருவர் தம் உறுதிக் காணியை விற்கும்போது, அடியிற் கிடக்கும் கிரவலின் உரிமைப்பங்கைத் தமக்கென ஒதுக்கிவைத்து உறுதி எழுதுவாராயின் அவ்வாசகம் வெறும் மையாகும். தம்மிடம் இல்லாததை ஒருவர் ஒதுக்கிவைக்க இயலாது. அவ்வாறே வாங்கியவரும் அவ்வுரிமைப்பங்கைக் கோர முடியாது. ஆயினும் உரிமைப்பங்கு வேறு, நிலத்துக்காரர் பெறும் தொகை வேறு என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஊர்வழக்கில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதாற் குழப்பம் விளைகின்றது. தனியார் காணியில் அகழ்வதற்குக் காணிச் சொந்தக்காரரின் இசைவு தேவை. அவ்விசைவுக்கு ஈடாக அவர் ஒப்பந்தப்படி வாடகையோ சுமைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையோ பெறலாம். இத்தொகை நிலத்தைத் தொடரும். குத்தகை நடைமுறையிலிருக்கும்போது காணி விற்கப்பட்டால், விற்பனைக்குக் குத்தகை முந்தியது என்னும் உரோம-ஒல்லாந்த விதிப்படி வாங்கியவர் அக்குத்தகைக்குக் கட்டுப்பட்டவராவார். அதன் வாடகையும் அதன்பின் அவருக்கே உரியதாகும். விற்றவர் கையில் எஞ்சுவது விலைப்பணம் மாத்திரமே. குழியும் வாங்கியவரையே சேரும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வாறு நோக்கின் சட்டம் வன்னியின் குடியானவனுக்கு விட்டுவைத்த ஒரே பேரம்பேசும் வலு, காணிக்காரன் என்ற முறையில் அவன் தரும் இசைவே. அவ்விசைவைத் தரத்தக்கவன் தானே என்று அவன் காட்டுவதற்குக் கடதாசி வேண்டும். 1840 இன் உழவனுக்கு எழுந்த அதே சிக்கல், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பேரனின் பேரனுக்கும் எழுந்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் 1984 ஆம் ஆண்டின் இறுதியில் வன்செயல்களின் நடுவே ஊரைவிட்டு அகன்றனர். அவர்கள் மீளக் கால்வைக்கும் வாய்ப்பு 2009 இற் போர் முடிந்த பின்னரே வந்தது. கால்நூற்றாண்டுக்கு மேலான அலைவில் அனுமதிப்பத்திரங்களும் உறுதிகளும் பல குடும்பங்களுக்கு அழிந்துபோயின. இடம்பெயர்ந்தோரின் காணியை மற்றொருவர் நீண்டகால ஆட்சியால் உரித்தாக்கிக்கொள்வதை எதிர்த்து வழக்காட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அது தனியார் காணிக்கே பொருந்தியது. அனுமதிப்பத்திரக் காணியின் மண் அரசினது. அங்கே இழந்தவன் வழக்காட வேண்டியது அரசோடு. அகழ்வதும் அரசின் கம்பனி, உரிமைப்பங்கைப் பெறுவதும் அரசு, காணியின் மூலவுரிமையும் அரசினுடையது என்றான விடத்து, யாருடைய இசைவை யார் கேட்பது? கொக்கிளாயில் மணல் அகழ்வுக்கெதிராக எழுந்த குரல்களைச் சுற்றுச்சூழற் கவலையாக மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. நில உரிமையின் கேள்வியும் அவற்றுள் அடங்கியிருந்தது. தனியார் காணிகளும் அரச காணிகளும் கலந்துள்ள மன்னார்த் தீவில் இல்மனைற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து 2025 இல் மக்கள் தெருவிலிறங்கியதும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது.

அரசு என்பது கொழும்பு மாத்திரந்தானா என்னும் வினா இங்கு இயல்பாகவே எழும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளின் நிரலிற் கனிப்பொருள் உரிமைகள் மீதான வரியையும் சேர்த்தது. பாராளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் எல்லைகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் உடன் வந்தது. இவ்வாசகம் இந்திய அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலிலுள்ள வாசகத்தின் உடன்பிறப்பு எனலாம். ஆகவே அவ்வாசகம் இந்தியாவில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்பது நமக்கும் உரியதே. தமிழ்நாடு அரசு கனிப்பொருள் உரிமைப்பங்கின்மீது மேல்வரி விதித்ததை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் எதிர்த்த வழக்கில், உரிமைப்பங்கே ஒரு வரி, ஆதலின் மாநிலம் அதன்மேல் வரி விதித்தல் இயலாது என்று 1989 இல் உயர்நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர் கூறினர். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2024 யூலையில், ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றிற்று. உரிமைப்பங்கு வரியன்று, அது கனிப்பொருளின் உரிமையாளருக்கு ஒப்பந்தத்தின்படி செலுத்தப்படும் கைம்மாறு, எனவே மாநிலங்கள் கனிப்பொருள் உரிமைகள்மீது தனியே வரி விதிக்கலாம் என்பது அத்தீர்ப்பு. வட மாகாணத்திலோ முதற்சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்து கலைந்தது. நிரலில் எழுதப்பட்ட அதிகாரம் மணற்கரையை எட்டவில்லை.

பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரிலிருந்து சென்ற மற்றொரு வழக்கு இன்னும் நெருங்கிய பாடம் தருவது. அங்கே சென்மிகளின் உரிமை நிலத்தின் ஆழம்வரை செல்லும் என்பது நீண்ட வழக்கு. 2013 யூலையில் இந்திய உயர்நீதிமன்றம், தக்க சட்டமுறையாற் பறிக்கப்பட்டாலன்றி அடிநிலத்தின் உரிமை பொதுவில் நிலத்துக்குரியவனையே தொடரும் என்று தீர்ப்பளித்தது. மலபாரின் சென்மி தன் உரிமையைப் பத்திரங்களாலும் பழைய வழக்காலும் காட்ட முடிந்தது. வன்னிக் குடியானவனிடமும் வழக்கு இருந்தது. அதனை ஏற்கும் சட்டமும் பத்திரமுமே இருக்கவில்லை. (சென்மியின் கீழ்க் குடியிருந்த உழவனுக்கு அந்த ஆழத்திற் பங்கிருந்ததா என்பது வேறு கதை, வன்னிக்கு மலபாரை இலட்சியமாகக் காட்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று.)

அனுமதிப்பத்திரக் காணிகளை முழுவுரிமைக் காணிகளாக மாற்றும் 'உறுமய' திட்டம் 2024 இல் தொடங்கப்பட்டபோது, விற்கவும் ஈடுவைக்கவும் தடையற்ற உறுதி என்று அது அறிமுகம் செய்யப்பட்டது. அவ்வுறுதி கைக்கு வந்த வன்னி உழவன் 1935 இன் கட்டுக்களிலிருந்து விடுபடுகின்றான். தன் நிலத்தில் அகழ வருபவனோடு காணிக்காரனாக நின்று பேசவும் அவனால் முடியும். 1992 இன் சட்டம் அப்படியே நிற்கின்றது. புதிய உறுதி அவனுக்கு அளிப்பது நான்கெல்லைக்குட்பட்ட மேல்மண்ணை. அதன் ஆழம் குடியரசினது.